விண்டோஸ் அப்டேட் மட்டும் ஓடினால் போதுமா? பிற நிறுவன மென்பொருள்களைப் பற்றி ஒரு விரிவான பதில்

காரைக்குடி செக்காலைப் பக்கம் அச்சகத்தோடு சேர்த்து டிடிபி கடை நடத்தும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது. கடையில் இரண்டு கணினிகள், வீட்டில் ஒரு மடிக்கணினி. கடையின் பழைய கணினியில் விண்டோஸ் 7. பக்க வடிவமைப்புக்கான பேஜ்மேக்கர் வேலை முழுவதும் அதில்தான். இன்னொன்றில் விண்டோஸ் 10. பில், டாலி, மின்னஞ்சல், வாடிக்கையாளர் அனுப்பும் கோப்புகள் எல்லாம் அதில். மடிக்கணினியில் விண்டோஸ் 11. கல்லூரியில் படிக்கும் மகள் பயன்படுத்துகிறார். விண்டோஸ் அப்டேட்டைத் தடுத்து வைக்கவில்லை, பணம் கட்டி வாங்கிய ஆன்டிவைரஸும் இருக்கிறது. ஆனால் குரோம், அடோபி ரீடர், கோப்புகளைச் சுருக்கவும் பிரிக்கவும் உதவும் வின்ரார், விஎல்சி, ஜாவா, தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க் என்று ஆளுக்கொரு நேரத்தில் அப்டேட் கேட்கின்றன. முகூர்த்த மாதத்தில் வேலை நின்றுவிடுமோ என்ற பயத்தில் எல்லாவற்றையும் தள்ளிப் போட்டு வருகிறார். எல்லாம் செய்தே ஆக வேண்டுமா, எதை முதலில் செய்வது, கடைப் பையனிடம் இந்த வேலையை விடலாமா என்று கேட்கிறார்.

விண்டோஸ் அப்டேட் மட்டும் போதாது. அதே சமயம், கணினியில் இருக்கும் அத்தனை மென்பொருளையும் ஒரே அவசரத்தோடு துரத்த வேண்டியதும் இல்லை. வெளியாள் அனுப்பும் கோப்பையோ இணையப் பக்கத்தையோ திறக்கிற மென்பொருள் எதுவோ, அதற்குத்தான் முதலிடம். கடையைப் பொறுத்தவரை அப்படிப்பட்டவை ஏழெட்டுக்கு மேல் தேறாது. மீதமுள்ளவற்றில் பாதியை நீக்கிவிடலாம், மற்ற பாதி மாதத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும்.

விண்டோஸ் அப்டேட் அடிப்படையில் மைக்ரோசாஃப்டின் சொந்தப் பொருள்களுக்கானது. சில வன்பொருள் டிரைவர்களையும் கொண்டு வரும், அவ்வளவுதான். குரோமையோ வின்ராரையோ அது தொடாது. அவற்றில் பாதுகாப்பு ஓட்டை இருப்பதாக எச்சரிக்கவும் செய்யாது. நம் ஊர்ப் பெரிய வீடுகள் ஒரு தெருவில் முகப்பு வைத்து, அடுத்த தெருவில் பின்வாசல் விட்டுக் கட்டப்பட்டவை. முகப்புக் கதவுக்கு எத்தனை பூட்டுப் போட்டாலும் அது பின்வாசலுக்குக் காவல் ஆகாது. ஆன்டிவைரஸ் உதவும், அதை எடுத்துவிடச் சொல்ல மாட்டேன். ஆனால் அது பெரும்பாலும் ஏற்கெனவே அறியப்பட்ட தீங்கு நிரலையும் சந்தேகத்துக்குரிய நடத்தையையும் அடையாளம் காண முயல்வது. நாம் நம்பி வைத்திருக்கும் மென்பொருளுக்குள்ளேயே இருக்கிற ஓட்டையை அடைக்க அதனால் ஆகாது. அடைக்க வேண்டியவர் அந்த மென்பொருளை உருவாக்கியவர், அடைத்ததைக் கணினியில் ஏற்ற வேண்டியவர் நாம்.

வின்ராரை எடுத்துக்கொள்வோம். டிடிபி கடைக்கு அதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு இல்லை. கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் குடும்பம் ஒன்று மணிவிழா மலருக்காகப் பழைய புகைப்படங்களை ஒரே ரார் கோப்பாகக் கட்டி அனுப்புகிறது. இங்கே கடையில் அது சொடுக்கிப் பிரிக்கப்படுகிறது. இந்த ஒரு செயலைக் குறிவைத்தே அடுத்தடுத்து மூன்று ஓட்டைகள் வெளிவந்தன. 2019 பிப்ரவரியில் வெளியானது, ஏஸ் என்ற பழைய கோப்பு வகையைப் பிரிக்கும் சிறு பகுதியில் இருந்த ஓட்டை. அந்தப் பகுதி 2005க்குப் பிறகு திருத்தப்படாதது, வேறொருவர் எழுதியது, அதன் மூல நிரல் வின்ரார் நிறுவனத்திடமே இல்லை. அதனால் அதைச் சரிசெய்ய வழியின்றி, 5.70 பதிப்பில் ஏஸ் ஆதரவையே எடுத்துவிட்டார்கள்.

இரண்டாவது, 2023 ஆகஸ்டில் 6.23 பதிப்பில் சரிசெய்யப்பட்டது. இது எப்படி நடந்தது என்பதைக் கூர்ந்து பார்த்தால், கவனமாக இருப்பவரும் ஏன் சிக்குகிறார் என்பது புரியும். ஜிப் கோப்பைத் திறந்தால் உள்ளே ஒரு படம் தெரியும். அந்தப் படத்தின் பெயரிலேயே ஒரு ஃபோல்டரும் இருக்கும். படத்தைத்தான் இருமுறை சொடுக்குகிறோம்; ஆனால் வின்ரார் அந்த ஃபோல்டருக்குள் ஒளிந்திருக்கும் நிரலையும் சேர்த்து வெளியே எடுத்து, அதை ஓடவிட்டுவிடும். சொடுக்கியவர் கண்ணுக்குப் படம் மட்டுமே தெரியும். சரிசெய்யப்படுவதற்கு முன்பே, அந்த ஆண்டு ஏப்ரலிலிருந்து, பங்கு வர்த்தகம் செய்வோரைக் குறிவைத்து இதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது, 2025 ஜூலை 30 அன்று வெளியான 7.13 பதிப்பில் சரியானது. வேலைக்கு விண்ணப்பிப்பவர் அனுப்பும் தன்விவரக் குறிப்பு போல ஒரு ரார் கோப்பு மின்னஞ்சலில் வரும். பிரித்தால், நாம் காட்டிய ஃபோல்டரில் விழ வேண்டியவற்றோடு ஒரு கோப்பு மட்டும் சத்தமில்லாமல் விண்டோஸின் ஸ்டார்ட்டப் ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அன்று ஒன்றும் நடக்காது. மறுநாள் காலையில் கடையைத் திறந்து கணினியைப் போட்டதும் அது ஓடத் தொடங்கும்.

இதில் முக்கியமான செய்தி ஒன்று உண்டு. வின்ரார் தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. புதிய பதிப்பை நாமே இறக்கி, பழையதன் மேல் நிறுவ வேண்டும். நாற்பது நாள் இலவசம் என்று சொல்லிவிட்டு அதற்குப் பிறகும் ஓடிக்கொண்டே இருப்பதால், ஐந்தாறு ஆண்டுக்கு முன் யாரோ நிறுவிய பதிப்பே பல கடைகளில் இன்றும் இருக்கிறது. உங்கள் வின்ராரைத் திறந்து, உதவிப் பட்டியில் "அபவுட்" என்பதைச் சொடுக்குங்கள். 7.13க்குக் குறைவான எண் தெரிந்தால் இந்தப் பதிலைப் படித்து முடிப்பதற்கு முன்பே அதை மாற்றிவிடுங்கள்; அதற்கு மேற்பட்ட எண் என்றாலும், புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று மாதம் ஒரு முறை பாருங்கள். செவன்-ஜிப்புக்கும் இதே கதைதான்; அதுவும் தானாகப் புதுப்பிக்காது. கோப்பைப் பிரிக்கும் மென்பொருள் ஒரு கணினிக்கு ஒன்று போதும்.

இன்னொரு சிக்கல் வெளியே தெரியாதது. ஒரு மென்பொருள் முழுவதையும் அதன் நிறுவனமே எழுதுவதில்லை. படத்தைத் திறக்க, எழுத்தைக் காட்ட, கோப்பைச் சுருக்க என்று பிறர் எழுதிய பகுதிகளை உள்ளே வைத்துக் கட்டுகிறார்கள். 2023 செப்டம்பரில் வெப்பி என்ற பட வகையைத் திறக்கும் பகுதியில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டபோது, குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ், தண்டர்பேர்ட், லிப்ரே ஆஃபீஸ் என ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தெரியும் மென்பொருள்கள் எல்லாமே தனித்தனியாகப் புதுப்பிப்பு வெளியிட வேண்டியிருந்தது. பிரவுசரை மட்டும் புதுப்பித்தவர் பாதி வேலைதான் செய்திருந்தார். மைக்ரோசாஃப்டின் வேர்டிலேயே இப்படி ஒன்று இருந்தது. சமன்பாடுகளை எழுத உதவும் ஈக்குவேஷன் எடிட்டர் வேறொரு நிறுவனம் எழுதிக் கொடுத்தது. அதில் பதினேழு ஆண்டுகளாகக் கிடந்த ஓட்டையை 2017 நவம்பரில் சரிசெய்து, 2018 ஜனவரியில் அந்தப் பகுதியையே நீக்கிவிட்டார்கள். ஆனால் அப்டேட் போகாத பழைய ஆஃபீஸ் வைத்திருப்பவரிடம் அந்த ஓட்டை இன்னும் அப்படியே இருக்கிறது. இன்வாய்ஸ் என்றும் கொட்டேஷன் என்றும் பெயர் வைத்து வரும் கோப்புகள் பல ஆண்டுகளாக அதையே தேடி வந்திருக்கின்றன.

ஆகவே முதல் வேலை நீக்குவது. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அப்டேட் பற்றிப் பேசும் பலர் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலைத் திறந்து, ஒரு மணி நேரம் ஒதுக்கி, ஒவ்வொன்றாகப் பாருங்கள். கடந்த ஓராண்டில் திறக்காதது எதுவும் இருக்கத் தேவையில்லை. ஃபிளாஷ் பிளேயர் இருந்தால் உடனே எடுங்கள். அடோபி அதற்கான ஆதரவை 2020 டிசம்பர் 31 அன்றே முடித்துக்கொண்டது, இனி அதற்குத் திருத்தம் என்று ஒன்று வரப்போவதில்லை. ஜாவா பெரும்பாலும் வரி தொடர்பான வேலைக்காகவோ டிஜிட்டல் கையொப்பத்துக்காகவோ எப்போதோ நிறுவப்பட்டதாக இருக்கும். அதுவும் பட்டியலில் ஒன்றல்ல, இரண்டு மூன்று பதிப்புகளாகப் படிந்து கிடக்கும். இப்போதும் அது தேவையா என்று உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். தேவை என்றால் புதியது ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை நீக்குங்கள், தேவையில்லை என்றால் முழுவதையும் நீக்குங்கள். பிரவுசரோடு வந்து ஒட்டிக்கொண்ட டூல்பார், கணினியை வேகமாக்குவதாகச் சொல்லும் துப்புரவு மென்பொருள், மாற்றிவிட்ட பிரிண்டரின் பழைய மென்பொருள் ஆகியவையும் இதில் அடக்கம். பிரிண்டர் டிரைவர் தீங்கற்றது என்று நினைக்க வேண்டாம்: எச்பி, சாம்சங், ஜெராக்ஸ் பிரிண்டர்களோடு வந்த ஒரு டிரைவரில் 2005 முதல் இருந்த ஓட்டை 2021இல்தான் வெளியே வந்தது, அந்த டிரைவர் கணினியில் இருந்தாலே போதும், பிரிண்டர் இணைந்திருக்க வேண்டும் என்பதில்லை.

தமிழ் தட்டச்சுக்காக நிறுவிய மென்பொருளையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். நாம் அழுத்தும் ஒவ்வொரு விசையும் அதன் வழியாகத்தான் போகிறது, கடவுச்சொல் உட்பட. அதை உருவாக்கியவரின் தளத்திலிருந்து எடுத்திருந்தால் நல்லது; எங்கோ கிடைத்த பென்டிரைவிலிருந்தோ, பத்து மென்பொருளைச் சேர்த்துக் கட்டிய தொகுப்பிலிருந்தோ வந்திருந்தால் நம்ப முடியாது. வெறும் யூனிகோட் தட்டச்சு மட்டும் போதும் என்கிற வீட்டு மடிக்கணினிக்கு வெளி மென்பொருளே தேவையில்லை, இன்றைய விண்டோஸுக்குள்ளேயே தமிழ் விசைப்பலகைகள் இருக்கின்றன. பழைய எழுத்துருக் குறியாக்கத்தில் அடிக்க வேண்டிய உங்கள் கடைக்கு மட்டும் அது அவசியம், அதை மறுக்கவில்லை.

நீக்கிய பிறகு மிஞ்சுவதில் பிரவுசர்தான் எல்லாவற்றுக்கும் மேல். குரோம் 2023 ஆகஸ்டிலிருந்து வாரந்தோறும் பாதுகாப்புத் திருத்தம் வெளியிடுகிறது. அது தானாகவே இறங்கிவிடும். ஆனால் குரோமை மூடித் திறக்கும் வரை செயலுக்கு வராது. கடைகளில் நான் அடிக்கடி பார்ப்பது இதுதான்: கணினியை அணைக்காமல் ஸ்லீப்பில் போட்டுவிட்டுப் போவார்கள், குரோம் நாற்பது டேபுகளோடு மூன்று வாரமாகத் திறந்தே இருக்கும், மேல் வலது மூலையில் ரீலாஞ்ச் செய்யச் சொல்லும் பொத்தான் காத்துக்கொண்டே இருக்கும். இரவு கடை சாத்தும்போது கணினியை முழுமையாக அணைப்பது என்ற பழக்கம் ஒன்றே இதைத் தீர்த்துவிடும். இன்னொரு தடையும் உண்டு. கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் இணையம் எடுப்பவர்கள் டேட்டா தீர்ந்துவிடும் என்று இணைப்பை மீட்டர்ட் என அமைத்திருப்பார்கள். அப்படியிருந்தால் விண்டோஸ் பல இறக்கங்களை நிறுத்தி வைத்துவிடும். வாரத்தில் ஒரு நாளாவது வீட்டு பிராட்பேண்டில் மடிக்கணினியை இணைத்து வையுங்கள்.

அடுத்தது பிடிஎஃப் திறக்கும் மென்பொருள், ஆஃபீஸ், கோப்பு பிரிக்கும் மென்பொருள், விஎல்சி, கோரல்டிரா போன்று வாடிக்கையாளர் கோப்பை நேரடியாகத் திறப்பவை. அடோபி ரீடரில் தானாகப் புதுப்பிக்கும் வசதியை யாராவது நிறுத்தி வைத்திருந்தால் மீண்டும் இயக்குங்கள். சும்மா பார்க்க மட்டுமே பிடிஎஃப் என்றால் பிரவுசரிலேயே திறந்துகொள்ளலாம். புதுப்பிக்க வேண்டியது ஒன்று குறையும். பிடிஎஃப் ஆக்கித்தரும் இலவச பிரிண்டர் மென்பொருள்கள் பலவற்றின் உள்ளே கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற இயந்திரம் இருக்கும்; அதிலும் 2023இல் பெரிய ஓட்டை ஒன்று சரிசெய்யப்பட்டது. அச்சுத் தொழிலில் இருப்பவர் கணினியில் அது பெரும்பாலும் இருக்கும், ஆனால் இருப்பதே தெரியாது. ஆப்ஸ் பட்டியலில் அந்தப் பெயரையும் தேடிப் பாருங்கள்.

தானாகப் புதுப்பிக்காதவற்றை ஒவ்வொரு தளமாகப் போய்த் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. முன்பு செகூனியா என்ற டென்மார்க் நிறுவனத்தின் பிஎஸ்ஐ என்ற இலவசக் கருவி, கணினியை அலசி எது பழையது என்று சொல்லும். வீட்டுப் பயனர்களுக்கு அது பெரிய வரமாக இருந்தது. அதை வாங்கிய நிறுவனம் 2018இல் நிறுத்திவிட்டது. இப்போது அந்த இடத்தில் மைக்ரோசாஃப்டே விங்கெட் என்ற கருவியை வைத்திருக்கிறது. விண்டோஸ் 11இலும், விண்டோஸ் 10இன் பிந்தைய பதிப்புகளிலும் அது ஏற்கெனவே இருக்கும். டெர்மினலையோ கமாண்ட் பிராம்ப்டையோ திறந்து, விங்கெட், அப்கிரேட் என்ற இரண்டு சொற்களையும் ஆங்கில எழுத்தில், இடையில் ஓர் இடைவெளி விட்டுத் தட்டி எண்டர் அழுத்தினால், எந்த மென்பொருள், இப்போது எந்தப் பதிப்பு, புதியது எந்தப் பதிப்பு என்று அட்டவணை வரும். அதன் பின்னால் இரண்டு சிறு கோடுகளோடு "ஆல்" என்று சேர்த்துத் தட்டினால் அனைத்தையும் வரிசையாகப் புதுப்பிக்கும். கோப்பை அந்தந்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே எடுத்து, அது இடையில் மாற்றப்படவில்லை என்பதை முத்திரை எண்ணோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த பிறகே நிறுவும். கறுப்புத் திரையைக் கண்டு தயங்க வேண்டாம். மாதத்துக்கு ஒரு முறை தட்ட வேண்டிய ஒரே வரி அது. ஆனால் கடைக் கணினியில் முதல் முறை "ஆல்" கொடுக்காமல், அட்டவணையைப் படித்துப் பார்த்து, டாலி போன்றவற்றை விட்டுவிட்டு ஒவ்வொன்றாகச் செய்யுங்கள்.

எங்கிருந்து எடுக்கிறோம் என்பது, எடுப்பதைப் போலவே முக்கியம். தேடுபொறியில் பெயரைத் தட்டினால் முதலில் வருவது விளம்பரமாக இருக்கலாம். அந்த விளம்பரம் போலித் தளத்துக்குப் போகலாம். அதேபோல, செய்தித் தளம் ஒன்றைப் படித்துக்கொண்டிருக்கும்போது "உங்கள் குரோம் பழையதாகிவிட்டது, இங்கே சொடுக்குங்கள்" என்று பக்கத்தின் நடுவே ஒரு பெட்டி வந்தால், அது எவ்வளவு அசல் போல இருந்தாலும் போலிதான். பிரவுசரின் உண்மையான புதுப்பிப்பு அதன் சொந்தப் பட்டியிலிருந்து வரும், ஒரு வலைப்பக்கத்தின் உள்ளேயிருந்து ஒருபோதும் வராது. இதை உங்கள் மகளுக்கும் கடைப் பையனுக்கும் கணினித் திரையில் காட்டியே சொல்லிக்கொடுங்கள்.

அசல் தளத்திலிருந்து எடுத்ததே கெட்டுப்போயிருந்த நிகழ்வுகளும் உண்டு, மறைக்க விரும்பவில்லை. 2017 ஆகஸ்டில் வெளியான, கணினித் துப்புரவு மென்பொருளான சிசிகிளீனரின் 5.33 பதிப்பில், அந்த நிறுவனத்தின் கட்டமைப்புக்குள்ளேயே புகுந்தவர்கள் தீங்கு நிரலைச் சேர்த்திருந்தார்கள். சுமார் 22.7 லட்சம் கணினிகளுக்கு அது போய்ச் சேர்ந்தது. 2024 பிப்ரவரியில் எனிடெஸ்க் நிறுவனம் தன் சர்வர்களுக்குள் வெளியார் நுழைந்ததாக அறிவித்து, மென்பொருளின் கையொப்பச் சான்றையே மாற்றியது. இவற்றிலிருந்து அப்டேட்டே வேண்டாம் என்ற முடிவுக்குச் செல்பவர்கள் இருக்கிறார்கள். நான் எடுக்கும் முடிவு வேறு: அவசியமில்லாத மென்பொருளை வைத்துக்கொள்ளாதீர்கள், அவசியமானதைப் பழையதாக வைத்திருக்காதீர்கள். எனிடெஸ்க் உங்கள் கடையில் ஏன் இருக்கிறது என்று யோசியுங்கள். டாலி ஆள் எப்போதோ வந்து நிறுவியிருப்பார். கணினி ஓடும்போதெல்லாம் அதுவும் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். தேவைப்படும் அன்று புதிதாக இறக்கி, வேலை முடிந்ததும் நீக்கிவிடுவதே சரி.

கிராக் செய்த மென்பொருள் பற்றியும் வெளிப்படையாகப் பேசியாக வேண்டும், ஏனென்றால் டிடிபி தொழிலில் அது எங்கும் இருக்கிறது. சிறு கடைக்கு ஃபோட்டோஷாப் சந்தா பெரும் சுமை என்பது எனக்குத் தெரியும். ஆயினும் கிராக் செய்தவர் முதலில் செய்வது அப்டேட்டை நிறுத்துவது. புதுப்பித்தால் கிராக் போய்விடும் அல்லவா. அதோடு, ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவுங்கள் என்று குறிப்பும் எழுதியிருக்கும். ஆக, ஓட்டை அடைபடாத மென்பொருளை, காவலை விலக்கிவிட்டு, யாரென்று தெரியாதவர் கையால் நிறுவுகிறோம். டாலியும் வங்கிக் கணக்கும் இருக்கும் கணினியில் அது கூடவே கூடாது. படத்தை வெட்டி ஒட்டும் வேலைக்கு ஜிம்ப், வரைவுக்கு இங்க்ஸ்கேப், கடிதத்துக்கு லிப்ரே ஆஃபீஸ் ஆகியவை இலவசம். பழகச் சில வாரம் பிடிக்கும், அது உண்மை. அவ்வளவு அவகாசம் இல்லை என்றால், குறைந்தபட்சம் அந்த வேலையை இணையம் இல்லாத கணினிக்கு மாற்றிவிடுங்கள்.

அப்படி ஒரு கணினி உங்களிடம் இருக்கவே இருக்கிறது: பேஜ்மேக்கர் ஓடும் விண்டோஸ் 7. பேஜ்மேக்கர் 7.0 வெளிவந்தது 2001இல். அதற்குப் பிறகு பெரிய பதிப்பு எதுவும் வரவே இல்லை. விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்று முடிந்தது. அதில் குரோம் 109க்கு மேல் ஏறாது. அந்தக் கணினியில் இருக்கும் இந்த முக்கியமானவை எதற்குமே இனிப் புதுப்பிப்பு கிடையாது என்பதால், அதன் பாதுகாப்பு அப்டேட்டால் வரப்போவதில்லை. பிரித்து வைப்பதால் மட்டுமே வரும்.

ஏன் என்பதற்கு உங்கள் தொழிலிலிருந்தே காரணம் காட்டலாம். 2020 மார்ச்சில் விண்டோஸின் எழுத்துரு நூலகத்தில், அடோபி டைப் மேனேஜர் என்ற பகுதியில், ஓர் ஓட்டை இருப்பதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. தந்திரமாக அமைத்த டைப் 1 வகை ஃபாண்ட் ஒன்றை உள்ளடக்கிய கோப்பைத் திறந்தாலோ, எக்ஸ்ப்ளோரரின் முன்னோட்டப் பலகத்தில் பார்த்தாலோகூடப் போதும். அப்போதே விண்டோஸ் 7 கணினிகளின் மேல் அதைப் பயன்படுத்தித் தாக்குதல் நடந்துகொண்டிருந்தது. ஏப்ரல் 14 அன்று திருத்தம் வந்தது. ஆனால் விண்டோஸ் 7இன் ஆதரவு சரியாக மூன்று மாதம் முன்பு முடிந்துவிட்டதால், பணம் கட்டி நீட்டித்துக்கொண்டவர்களுக்கு மட்டுமே அது கிடைத்தது. டிடிபி கடையில் ஃபாண்ட் எப்படிச் சேர்கிறது என்று நினைத்துப் பாருங்கள். "அண்ணே, எங்க பழைய பத்திரிகையில இருந்த எழுத்து இதுதான்" என்று பென்டிரைவை நீட்டுவார்கள். சென்னையிலிருந்து, சிவகாசியிலிருந்து, எந்தெந்தக் கணினியிலிருந்தோ கைமாறி வந்த நூற்றுக்கணக்கான ஃபாண்ட் அதில் இருக்கும். அந்த ஓட்டை அடைபடாத கணினியில்தான் அது செருகப்படுகிறது.

எனவே அந்தக் கணினியிலிருந்து இணைய வயரைக் கழற்றிவிடுங்கள், வைஃபை இருந்தால் அதையும் நிறுத்துங்கள். அதில் மின்னஞ்சல் வேண்டாம், வாட்ஸப் வேண்டாம். வாடிக்கையாளரின் பென்டிரைவை முதலில் புதுப்பிக்கப்பட்ட கணினியில் செருகி, ஸ்கேன் செய்து, தேவையான மேட்டரை மட்டும் எடுத்து, கடைக்குச் சொந்தமான ஒரு பென்டிரைவில் போட்டு அங்கே கொண்டு போங்கள். ஃபாண்ட் சேகரிப்பை இத்தோடு நிறுத்தி, இருப்பதை ஒரு முறை பிரதி எடுத்து வையுங்கள். முடித்த பக்கத்தை பிடிஎஃப் ஆக்கி அதே பென்டிரைவில் திரும்பக் கொண்டு வரலாம். நாலைந்து நிமிடம் கூடுதலாகும். நகரத்தார் திருமண ஒப்பந்தமான இசைகுடிமானம் முதல் கோயில் நோட்டீஸ் வரை இத்தனை ஆண்டுகள் சேர்த்த கோப்புகள் ஒரே இரவில் பூட்டப்பட்டுப் பணம் கேட்கும் நிலையோடு ஒப்பிட்டால் அது நேரமே அல்ல. புதிய வேலைகளை மெல்ல யூனிகோடுக்கும், இன்டிசைன் அல்லது ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளுக்கும் நகர்த்துவது நல்லது, ஆனால் அதை ஒரே மாதத்தில் செய்யச் சொல்ல மாட்டேன்.

வேலை நின்றுவிடுமே என்ற பயத்துக்கு வருகிறேன். அது நியாயமான பயம். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் தவறான ஒரு அப்டேட்டால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நின்றுபோயின, விமானங்கள் பறக்கவில்லை. ஆனால் அது பெரிய நிறுவனங்களில் பயன்படும் மென்பொருள். அதன் பாதிப்பு நாள் கணக்கில் சரிசெய்யப்பட்டது. ஓட்டையை விட்டுவைத்ததால் வந்தது வேறு மாதிரி முடிந்தது: 2017 மே 12 அன்று பரவிய, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வன்னாகிரை, அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14 அன்று, மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டிருந்த ஓட்டையின் வழியாகத்தான் நுழைந்தது. தள்ளிப் போட்டவர்களின் கோப்புகளைத்தான் அது பூட்டியது.

நேரத்தை நீங்கள் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். மைக்ரோசாஃப்டும் அடோபியும் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை திருத்தங்களை வெளியிடுகின்றன. நமக்கு அது செவ்வாய் இரவு. ஆகவே அந்த வாரத்தின் ஞாயிற்றுக்கிழமையை வைத்துக்கொள்ளுங்கள். முகூர்த்த நாளாக இருந்தால் அடுத்த நாள். முதலில் டாலி டேட்டாவையும் வேலைக் கோப்புகளையும் வெளி ஹார்டு டிஸ்கில் பிரதி எடுத்து, அதைக் கழற்றி வைத்துவிடுங்கள். செருகியே வைத்திருந்தால் பூட்டும் நிரல் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். பிறகு விண்டோஸ், பிறகு விங்கெட், கடைசியாக ஒரு ரீஸ்டார்ட், ஒரு சோதனைப் பக்கம் அச்சடித்துப் பார்த்தல். பிரவுசர் மட்டும் இந்த அட்டவணைக்குக் காத்திருக்கக் கூடாது. டாலியை மட்டும் தனியாக வையுங்கள்: புதிய பதிப்புக்கு மாற்றிய டேட்டாவை மீண்டும் பழைய பதிப்பில் திறக்க முடியாமல் போகலாம் என்பதால், ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் நாட்களில் அதைத் தொடாமல், பிரதி எடுத்த பிறகு, ஆடிட்டரிடம் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இடையில் அவசரமாக ஏதாவது வருகிறதா என்று தெரிந்துகொள்ள, மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சிஇஆர்டி-இன் வெளியிடும் எச்சரிக்கைகளைப் பார்க்கலாம். 2004 முதல் இயங்கும் அந்த அமைப்பு, குரோம், ஃபயர்ஃபாக்ஸ், அடோபி போன்றவற்றின் ஓட்டைகளைப் பதிப்பு எண்ணோடு அறிவிக்கிறது. அதில் உங்கள் கடையில் இருக்கும் பெயர் தென்பட்டால் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம்.

விண்டோஸ் 10 கணினியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் விட முடியாது. அதன் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. அப்டேட்டைத் தடுக்கவில்லை என்பதால் வந்துகொண்டிருக்கிறது என்று பொருள் அல்ல. செட்டிங்ஸில் போய்க் கடைசியாக எப்போது வந்தது என்று பாருங்கள். வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு இருக்கிறது, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பதிந்துகொள்ள வேண்டும். அதற்குள் கணினி விண்டோஸ் 11க்குத் தகுதியானதா என்று சோதித்துக்கொள்ளுங்கள். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசரும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் தேவைப்படும். தகுதி இல்லை என்றால், பணம் செலவழிக்க வேண்டிய முதல் கணினி பேஜ்மேக்கர் கணினி அல்ல, இதுதான். வங்கி, வரி, மின்னஞ்சல் மூன்றும் இதில் இருக்கின்றன.

கடைப் பையனிடம் விடலாமா என்றால், செய்யும் வேலையை விடலாம், அனுமதியை விடக் கூடாது. இப்போது எல்லாரும் ஒரே அட்மின் கணக்கில் வேலை செய்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். அவருக்கு ஸ்டாண்டர்டு வகைக் கணக்கு ஒன்று உருவாக்குங்கள், உங்கள் அன்றாட வேலைக்கும் அதே வகையில் ஒன்று. அட்மின் கணக்கைத் தனியாக வைத்து, அதன் கடவுச்சொல் உங்களிடம் மட்டும் இருக்கட்டும். எதையாவது நிறுவவோ மாற்றவோ முயன்றால் பெரும்பாலும் திரை மங்கி அந்தக் கடவுச்சொல்லைக் கேட்கும். நீங்கள் எதையும் நிறுவாத நேரத்தில் அது கேட்டால், ஏதோ ஒன்று தானாக நுழையப் பார்க்கிறது என்று கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை விங்கெட் அட்டவணையை அவரே எடுத்து, ஒரு நோட்டில் தேதியும் பதிப்பு எண்ணும் எழுதி வைக்கட்டும். கடவுச்சொல்லை நீங்கள் தட்டுங்கள். அப்படியும் ஏதாவது நடந்து வங்கிக் கணக்கிலிருந்து பணம் போனால், கணினியின் இணையத்தைத் துண்டித்துவிட்டு, வேறொரு கைப்பேசியிலிருந்து உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறுவதற்குள் தடுக்க அந்த முதல் சில மணி நேரம்தான் வாய்ப்பு. அந்த எண்ணையும் அதே நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.